டாக்டிகல் பூட்ஸ் வேட்டைக்கும் கரடுமுரடான நிலத்துக்கும் தாங்குமா?

மேட்டுநிலத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவல் பணிக்காக வாங்கிய டாக்டிகல் பூட்ஸ் ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. எட்டு அங்குல உயரம், பக்கவாட்டில் ஜிப், முன்பகுதியில் தோல், மற்ற இடங்களில் நைலான் துணி, அடியில் பாதத்துக்கும் வெளிச்சோலுக்கும் இடையே நுரையாலான நடுச்சோல் என்று பரவலாகக் கிடைக்கும் வகைதான் அது. பணியில் நாள் முழுவதும் நின்றாலும் கால் வலிப்பதில்லை. ஓடுவதற்கும் படியேறுவதற்கும் இலகுவாக இருக்கிறது.

இந்தப் பருவத்தில் உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்லும் ஒரு குழுவோடு சேரவிருக்கிறேன். நடக்கப்போகும் நிலம் சரளைக் கற்கள் நிறைந்த மலைச்சரிவு; இடையிடையே ஓடைகளும் முட்புதர்களும் உண்டு; மழை பெய்தால் வழி முழுவதும் களிமண்ணாகிவிடும் என்கிறார்கள். வேட்டை வாய்த்தால் இறைச்சியை முதுகில் சுமந்தபடியே இறங்கியாக வேண்டும். கையிலிருக்கும் பூட்ஸையே போட்டுக்கொண்டு போகலாமா, வேட்டைக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டுமா? விளம்பரங்களில் எந்த நிலத்துக்கும் ஏற்றது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் நடந்து பார்த்தவர்களின் சொல்லைக் கேட்க விரும்புகிறேன்.

சரிவுநடை எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்விக்கு விடை பூட்ஸின் பெயரிலோ நிறத்திலோ இல்லை. அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. எனவே முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்.

நீங்கள் விவரித்த வகை, பெரும்பாலும் தார்ச்சாலை, சிமென்ட் தரை, மாடிப்படி, வாகனம் ஆகியவற்றுக்கிடையே வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அவர்கள் விரைந்து ஓட வேண்டும், வண்டியின் மிதிகளை உணர்ந்து அழுத்த வேண்டும், வழவழப்பான தரையில் வழுக்காமல் நிற்க வேண்டும். அதற்கேற்பச் சோலின் பற்கள் ஆழம் குறைந்தும் நெருக்கமாகவும் இருக்கும். தரையோடு படியும் பரப்பு கூடுதலாக இருக்கும். குதிகாலுக்கு முன்னால் செங்குத்தான வெட்டு இல்லாமல் அடிப்பாகம் ஏறத்தாழச் சமமாகவே ஓடும். தார்ச்சாலையிலும் சிமென்ட் தரையிலும் இவையெல்லாம் நன்மைகள். களிமண்ணில் நெருக்கமான பற்களுக்கிடையே மண் அடைத்துக்கொண்டு, சில அடிகளுக்குள் வழவழப்பான பலகையை மிதித்து நடப்பது போலாகிவிடும். இறக்கத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துவது குதிகாலின் முன்விளிம்புதான். அது மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்காவிட்டால் முழுச் சுமையும் தொடைத் தசைகளின் மேல் விழும்.

ஆழமான பற்களைக் கொண்ட ரப்பர் சோல் பிறந்ததே மலையில்தான். 1935ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் தம்மோடு வந்தவர்களில் ஆறு பேரை இழந்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, அவர்களுடைய காலணிகள் நிலைமைக்கு ஏற்றவையாக இல்லாததே காரணங்களில் ஒன்று என்று கருதி, 1937இல் அந்தச் சோலை உருவாக்கினார். வைப்ரம் என்ற நிறுவனத்தின் பெயரில் இன்று காண்பது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்தப் பெயர் பொறித்த சோல் என்பதாலேயே மலைக்கு ஏற்றதென்று கொள்ள வேண்டாம். அதே நிறுவனம் தட்டையான, எண்ணெய்த் தரைக்கான சோல்களையும் செய்கிறது.

மற்றொன்று முறுக்குச் சோதனை. ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் முனையையும் பிடித்துத் துணியைப் பிழிவது போல் திருகிப் பாருங்கள். எளிதாகத் திரும்பினால், சரிவுக்குக் குறுக்கே நடக்கும்போதும் அது அப்படியே திரும்பும். சோலின் ஓரத்தைச் சரிவில் பதித்து நிற்க முடியாமல், பாதம் உள்ளுக்குள் கீழ்ப்பக்கமாகச் சரியும். சரளைக்கற்கள் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு இது பொருட்டல்ல. மாலைக்குள் பாதத்தின் சிறு தசைகள் களைத்துவிடும்.

பழைய சிப்பாய் எழுதியது:

இது சற்று மிகையாகத் தோன்றுகிறது. காலாட்படையினர் இதே வகை பூட்ஸைப் போட்டுக்கொண்டு இதைவிடக் கடினமான மலைகளில், இதைவிடக் கூடுதல் சுமையோடு, வாரக்கணக்கில் நடக்கிறார்கள். அவர்களைத் தாங்கியது, வார இறுதியில் போய்வரும் வேட்டைக்காரரைத் தாங்காதா? எடை குறைவு என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கனமான மலை பூட்ஸை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் காலைத் தூக்கி வைப்பவர்தான் மாலையில் முதலில் தடுமாறுவார்.

சரிவுநடை எழுதியது:

எடையைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. காலணியின் எடை ஒவ்வொரு 100 கிராம் கூடும்போதும் நடப்பதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது என்பது படைவீரர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகளில் பலமுறை கண்ட முடிவு. காலில் கட்டிய எடை, முதுகில் சுமக்கும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும். இதில் டாக்டிகல் பூட்ஸுக்கு மெய்யான மேன்மை உண்டு, நான் மறுக்கவில்லை.

ஆனால் படையினர் எல்லா இடத்துக்கும் ஒரே பூட்ஸைப் பயன்படுத்துவதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படை வழங்கிய காட்டு பூட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பகுதியில் நைலான் கான்வாஸ், உள்ளே புகுந்த நீர் வெளியேறப் பக்கவாட்டில் துளைகள், மண்ணில் நட்டுவைத்த கூர்முனைகள் பாதத்தைக் குத்தாமலிருக்கச் சோலுக்குள் உலோகத் தகடு, பின்னர் களிமண்ணைத் தானே உதிர்க்கும்படி சாய்த்து இடைவெளி விட்டு அமைத்த பனாமா சோல் என ஒவ்வொரு கூறும் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்காகச் சேர்க்கப்பட்டது. கொரியப் போரின் கடுங்குளிருக்கோ இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கிடையே கம்பளியை அடைத்த, நீராவியே போகாத பருத்த பூட்ஸ் செய்தார்கள். இவற்றில் எதுவும் மற்றதன் இடத்தை நிரப்பாது. இன்று டாக்டிகல் என்ற ஒரே பலகையின் கீழ் விற்கப்படுபவற்றில் காட்டு பூட்ஸின் வழிவந்ததும் உண்டு, ஓட்டக் காலணிக்கு உயரமான மேற்பகுதி தைத்ததும் உண்டு. நண்பர் விவரித்தது இரண்டாவது வகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேலும், படையில் ஒன்று கிழிந்தால் கிடங்கிலிருந்து அடுத்தது வரும். நமக்கு வராது.

பழைய சிப்பாய் எழுதியது:

கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். கிடங்கிலிருந்து வருவதும் சில வேளைகளில் அளவு சரியாக இருக்காது என்பது வேறு கதை.

தோல்தையல் எழுதியது:

காலணி பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், அவை எங்கே உடைகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். கடைக்கு வரும் டாக்டிகல் பூட்ஸ்களில் தோல் தேய்ந்து வருவது மிகக் குறைவு. வருபவற்றில் பெரும்பாலானவை மூன்று இடங்களில் விட்டுப்போனவை.

முதலாவது, முனைப்பகுதியில் சோல் பிரிவது. இவ்வகை பூட்ஸில் அடிப்பாகம் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும், அல்லது உருக்கிய பொருளை நேரடியாக மேற்பகுதியின் அடியில் பாய்ச்சி வார்க்கப்பட்டிருக்கும். ஒட்டியது மட்டமானது என்று எண்ண வேண்டாம். நன்றாக ஒட்டப்பட்டது பல ஆண்டுகள் உழைக்கும், விலையுயர்ந்த மலை பூட்ஸ்களிலும் பல ஒட்டப்பட்டவையே. ஆனால் மலை பூட்ஸில் அந்த இணைப்பைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு ரப்பர் பட்டை ஓடும். கல்லில் இடிபடுவதையும் உரசுவதையும் அந்தப் பட்டை வாங்கிக்கொள்கிறது. டாக்டிகல் பூட்ஸில் அது இல்லை, அல்லது முனையில் மட்டும் சிறிதளவு இருக்கும். எனவே கல் நேராகத் தையலையும் பசைக்கோட்டையும் தாக்குகிறது. நேரடியாக வார்க்கப்பட்டது எளிதில் பிரியாது. ஆனால் சோல் தேய்ந்துவிட்டால் மாற்ற வழியில்லை. மேற்பகுதியையும் சோலையும் ஒரு வாரோடு சேர்த்துத் தைத்த பூட்ஸாக இருந்தால் பழைய சோலைப் பிரித்தெடுத்துப் புதியது தைத்துத் தர முடியும்.

இரண்டாவது, நைலானும் தோலும் சேரும் தையல். நைலான் துணி தானாக எளிதில் கிழியாது. கார்டுரா போன்ற தடித்த நெசவு முட்களையும் தாங்கும். ஆனால் பாதம் மடியும் இடத்தில் தையல் ஓடினால், மணலும் சேறும் புகுந்து ஒவ்வோர் அடியிலும் நூலை அராவிக்கொண்டே இருக்கும். முன்பாதம் மடியும் கோட்டில் எத்தனை தையல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருப்பதே நல்லது.

மூன்றாவது ஜிப். இதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். களிமண் பற்களுக்குள் காய்ந்தால் எந்த நிறுவனத்தின் ஜிப்பும் திறக்காது. நடு மலையில் அது பிளந்துகொண்டால் லேஸை எவ்வளவு இறுக்கினாலும் பூட்ஸ் காலில் நிற்காது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, பயன்படுத்தாமல் வைத்திருப்பது. நடுச்சோல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனதாக இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். வெளியே புதிதாகத் தெரியும். பெட்டியிலேயே சில ஆண்டுகள் கிடந்த ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனால், வழியிலேயே நடுச்சோல் நொறுங்கி அடிப்பாகம் முழுவதும் கழன்று விழக்கூடும். வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். நடுச்சோலுக்குப் பயன்படும் மற்றொரு வகையான இ.வி.ஏ. நுரைக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் அது மிதிபட மிதிபட நசுங்கித் திரும்ப எழாமல் போய்விடும். ஒன்று திடீரெனச் சாகும், மற்றது மெல்லச் சாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுநிலத்தான் எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. முறுக்கிப் பார்த்தேன், ஏறத்தாழக் கால் வட்டம் திரும்புகிறது. குதிகாலில் செங்குத்து வெட்டு இல்லை. தோல்தையல் ஐயா, நடுச்சோல் எந்தப் பொருள் என்று பார்த்து அறிவது எப்படி? இன்னொரு கேள்வி: உள்நாக்கில் தைத்திருக்கும் துண்டில் வழுக்குத் தடுப்புக்கு எஸ்.ஆர்.சி. என்ற குறியீடு இருக்கிறது. இது ஈரப்பாறையில் நம்பகமானது என்று பொருளாகுமா?

தோல்தையல் எழுதியது:

நுரையைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினால், நல்ல நிலையிலிருக்கும் எந்தப் பொருளும் அமுங்கி உடனே எழும். அழுத்திய தடம் அப்படியே நின்றாலோ, மாவு போல் உதிர்ந்தாலோ, மெல்லிய வெடிப்புகள் சோலின் பக்கவாட்டில் தெரிந்தாலோ அதைக் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். தூக்கினால் வழக்கத்துக்கு மாறாக இலகுவாகத் தோன்றுவது பெரும்பாலும் இ.வி.ஏ. தயாரிப்பு மாதமும் ஆண்டும் பல பூட்ஸ்களின் உள்துண்டில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கிய நாளைக் கணக்கிடாமல் அதைப் பாருங்கள். குறியீட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

அளவுகோல் எழுதியது:

பணிப் பாதுகாப்புத் துறையில் இருப்பதால் அந்தக் குறியீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். ஐரோப்பியத் தரநிலைகளில் இ.என். ஐ.எஸ்.ஓ. 20345 என்பது முனைக் கவசம் உள்ள பாதுகாப்புக் காலணிக்கும், 20347 என்பது முனைக் கவசம் கட்டாயமில்லாத பணிக் காலணிக்கும் உரியவை. அவற்றின் முந்தைய பதிப்பில் எஸ்.ஆர்.சி. என்பது இரண்டு சோதனைகளிலும் தேறியது என்று பொருள்படும். ஒன்று சோப்புக் கரைசல் ஊற்றிய பீங்கான் ஓட்டுத் தரை, மற்றொன்று கிளிசரால் ஊற்றிய எஃகுத் தரை. 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் எஃகுத் தரைச் சோதனையையே எடுத்துவிட்டு, குறியீட்டையும் மாற்றினார்கள்.

அதாவது, சமையற்கூடத்திலும் தொழிற்சாலையிலும் வழுக்காது என்பதற்கு அது சான்று. பாசி படிந்த ஓடைக்கல்லும், காய்ந்த சருகு மூடிய சரிவும், உருளும் சரளையும் அந்தச் சோதனையில் இடம்பெறவே இல்லை. பாறையில் பிடிப்பது ரப்பர்க் கலவையின் மென்மையைப் பொறுத்தது. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் தேயும். டாக்டிகல் பூட்ஸின் சோல், தார்ச்சாலையில் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் கடினமாகவே இருக்கும். குளிரில் ரப்பர் இன்னும் இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசி படிந்த கல்லில் எந்த ரப்பரும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முனைக் கவசத்தைப் பற்றி ஒரு சொல். 20345இன் கீழ் வரும் முனைக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். வேட்டையில் அந்த அளவு அடி விழும் வாய்ப்பு அரிது. எஃகுக் கவசம் இருந்தால் குளிர்காலத்தில் விரல்களிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும், இறக்கத்தில் விரல் நுனிகளை இடிக்கும். தேவையில்லாத சுமை என்பதே என் கருத்து. ஆனால் அதே தரநிலைகளில் வரும், சோலுக்குள் வைக்கும் குத்துத் தடுப்பு அடுக்கு, 1100 நியூட்டன் விசையைத் தாங்கும்படி செய்யப்படுவது, கூரான மூங்கில் கட்டைகளும் முட்களும் உள்ள இடத்தில் மிகவும் உதவும்.

ஈரக்காடு எழுதியது:

இதுவரை எல்லோரும் மலையையும் கல்லையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேட்டையாடும் இடம் தாழ்நிலக் காடு. சதுப்பு, முழங்கால் அளவு நீர், வெப்பம், ஓயாத வியர்வை. அங்கே நீர்புகா மலை பூட்ஸைப் போட்டுவந்த நண்பர்களின் நிலையைப் பார்த்திருக்கிறேன். நீர் ஒருமுறை மேல்விளிம்பு வழியாக உள்ளே போய்விட்டால், வெளியே வராமல் தடுப்பதும், நீர் புகாமலிருக்க உள்ளே வைத்த அதே மெல்லிய சவ்வுதான். அன்று முழுவதும் இரண்டு வாளித் தண்ணீரோடு நடக்க வேண்டியதுதான்.

சவ்வு இல்லாத, துணி மேற்பகுதியும் வடிதுளைகளும் கொண்ட காட்டு வகை டாக்டிகல் பூட்ஸில் நீர் நுழைந்த வேகத்திலேயே வெளியேறும். இரவில் இன்சோலை, அதாவது பாதத்தின் கீழே கிடக்கும் உள் அட்டையை, எடுத்துத் தனியாக உலர்த்தி, லேஸைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்துக் காற்றில் விட்டால் காலையில் ஓரளவு உலர்ந்திருக்கும். முழுத்தோல் பூட்ஸ் மூன்று நாளானாலும் உலராது. எனவே டாக்டிகல் பூட்ஸ் வேட்டைக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

சரிவுநடை எழுதியது:

பொதுவாக அப்படிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் திருத்தம் தேவையானதே. சவ்வைப் பற்றி மேலும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

1969இல் பாப் கோர் என்பவர் பாலிடெட்ராபுளோரோஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென இழுத்து நீட்டியபோது கிடைத்த நுண்துளைப் பொருளிலிருந்தே கோர்டெக்ஸ் என்ற நீர்புகாச் சவ்வு வந்தது. அதன் துளைகள் நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி மட்டும் கடந்து போகும். ஆனால் ஆவி தானாக வெளியேறிவிடாது. பூட்ஸுக்குள் இருக்கும் ஆவியழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் அது நகரும். வெளியே குளிர்ந்து உலர்ந்திருக்கும் மலையில் இந்த வேறுபாடு பெரியது. சவ்வு நன்றாக வேலை செய்யும். ஈரக்காடு சொல்லும் நிலத்தில் வெளிக்காற்றே வெப்பமும் ஈரமுமாக நிறைந்திருக்கிறது. அங்கே வியர்வை போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். வெளித்தோல் ஊறிப்போனாலும் இதே கதிதான். அதனால்தான் நீர்புகாத பூட்ஸின் தோலுக்கும் மெழுகு அல்லது நீர்விலக்கி தேவைப்படுகிறது.

குளிரில் கணக்கு மாறிவிடும். பனியிலும் உறைநீர் ஓடையிலும் வடிதுளை பூட்ஸோடு போவது ஆபத்தானது. ஈரமும் குளிரும் சேர்ந்த நிலையில் மணிக்கணக்கில் இருக்கும் பாதத்தின் குருதியோட்டம் குன்றித் திசு கெடும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் படைவீரர்களின் கால்களை முடமாக்கியது இதுதான்.

எந்த வகையானாலும் பருத்திக் காலுறையைத் தவிருங்கள். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. பருத்தி ஊறித் தோலோடு ஒட்டி உரசும். கொப்புளம் வருவது பெரும்பாலும் அதனால்தான்.

பின்தொடர்வோன் எழுதியது:

நடப்பதைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள், ஓசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த விவாதம் வேட்டைக்கானதா, மலையேற்றத்துக்கானதா என்றே எனக்கு ஐயம் வந்துவிட்டது.

மானை நெருங்குவதில் வளைந்துகொடுக்கும் சோலுக்கு ஈடு கிடையாது. காலடியில் ஒரு சுள்ளி இருப்பதை முழு எடையையும் வைக்கும் முன் உள்ளங்கால் உணர்ந்தால், காலைத் திரும்ப எடுக்கலாம். விறைப்பான மலை பூட்ஸில் சுள்ளி முறிந்த பிறகுதான் தெரியும். ஆகவே முறுக்குச் சோதனையில் தோற்ற பூட்ஸ், கடைசி 100 மீட்டரில் வெல்லக்கூடும். ஆனால் டாக்டிகல் பூட்ஸுக்கே உரிய சில ஓசைகளும் உண்டு. நைலான் மேற்பகுதி காய்ந்த புல்லிலும் கால்சட்டைத் துணியிலும் உரசும்போது சரசரக்கும். ஜிப்பின் இழுப்பான் உலோகமாக இருந்தால் கிணுகிணுக்கும். இழுப்பானைக் கழற்றிவிட்டு ஒரு சிறு கயிற்றுத் துண்டைக் கட்டலாம். உரசலுக்கு மருந்தில்லை. அந்த வகையில், மெருகிடாமல் சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி தைத்த தோல் அமைதியானது; கீறலும் அதில் எளிதில் தெரியாது.

நிறத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். மானின் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகையே உள்ளன. நீலத்தை நன்றாகவும் சிவப்பையும் ஆரஞ்சையும் மங்கலாகவும் காணும். கறுப்பு பூட்ஸோ பழுப்பு பூட்ஸோ நீங்கள் அசையாதவரை வேறுபாடு மிகக் குறைவு. மணமும் அசைவும் ஓசையுமே காட்டிக்கொடுக்கும். பணியிடத்தில் போட்ட பூட்ஸையே கொண்டுபோனால் எரிபொருள், தரை கழுவும் மருந்து ஆகியவற்றின் வாடை நைலானிலும் நுரையிலும் ஊறியிருக்கும். இந்தக் காரணத்துக்காகவே பரணில் உட்கார்ந்து வேட்டையாடுவோர் பலர் முழு ரப்பர் பூட்ஸை விரும்புகிறார்கள்.

பரணில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டாக்டிகல் பூட்ஸில் பெரும்பாலும் வெப்பக்காப்பு அடுக்கு இருப்பதில்லை. வேட்டை பூட்ஸ்களில் சதுர மீட்டருக்கு 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று தின்சுலேட் என்ற வெப்பக்காப்புப் பொருளின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். நடப்பவருக்கு 200 கிராமே கூடுதலாகலாம். உட்கார்ந்திருப்பவருக்கு 800 கிராமும் போதாமற் போகலாம்.

பழைய சிப்பாய் எழுதியது:

பாம்புகளைப் பற்றியும் ஒரு சொல். எட்டு அங்குல பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்ற துணிவில் புதருக்குள் கால் வைப்பவர்கள் உண்டு. தடித்த தோல் ஓரளவு தடுக்கும். நைலான் பகுதியைப் பாம்பின் நச்சுப்பல் துளைத்துவிடும். ஆபத்துள்ள நிலமாக இருந்தால், முழங்காலுக்குக் கீழ்வரை மூடிக் கட்டும், கடியைத் தாங்கும்படி செய்த கெய்ட்டரைத் தனியாக வாங்குவதே வழி. சாதாரணக் கெய்ட்டர்கூட அட்டை, உண்ணி, புல்விதை, சரளை ஆகியவை பூட்ஸின் வாய்க்குள் நுழையாமல் காக்கும். ஜிப்பின் மேல் சேறு படிவதையும் அது பெருமளவு தடுத்துவிடும் என்பது உங்களுக்குக் கூடுதல் பயன்.

மேட்டுநிலத்தான் எழுதியது:

சுமையோடு இறங்குவதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். பூட்ஸ் எட்டு அங்குல உயரம் இருப்பதால் கணுக்கால் பிசகாது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அந்த உயரம் ஒன்றே போதுமா?

அளவுகோல் எழுதியது:

போதாது. உயரத்துக்கும் தாங்கலுக்கும் இடையே பலரும் எண்ணும் அளவுக்கு நேரடித் தொடர்பு இல்லை. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், உயரமான காலணியும் தாழ்ந்த காலணியும் அணிந்த கல்லூரிக் கூடைப்பந்தாட்டக்காரர்கள் 600க்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்டபோது, கணுக்கால் சுளுக்கில் தெளிவான வேறுபாடு எதையும் காணவில்லை. ஆடுகளமும் மலையும் ஒன்றல்ல. முதுகில் சுமையும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் மென்மையான துணியைக் கணுக்காலைச் சுற்றி உயர்த்திக் கட்டுவதால் மட்டும் காப்புக் கிடைத்துவிடாது என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

காப்பு வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. குதிகாலை இறுகப் பிடிக்கும் விறைப்பான கிண்ணம், முறுக்கைத் தாங்கும் நடுத்தகடு, அகன்ற அடிப்பாகம். நுரை மிகத் தடிமனாக இருந்தால் பாதம் தரையிலிருந்து உயர்ந்து, சாய்ந்தால் பிசகும் கோணம் கூடும். சுமை ஏறியதும் நுரை ஒரு பக்கமாக நசுங்கும். ஓடுவதற்கு இதமாக இருந்த அதே நுரைதான் சுமையின் கீழ் தள்ளாட வைக்கிறது.

ஜெர்மனியின் மைண்டல் நிறுவனம் தொடங்கி இன்று பலரும் பின்பற்றும் வகைப்பாடு ஒன்று உண்டு. ஏ என்பது சமநில நடைக்கான மென்மையானது. பி என்பது கரடுமுரடான பாதைக்கு. சி என்பது பனிமுள், அதாவது பனியில் பிடிக்கும் உலோக முட்சட்டம், பூட்டக்கூடிய விறைப்பானது. டி என்பது பனிச்சுவர் ஏறுவதற்கு. மலை வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் பி அல்லது பி-சி இடைநிலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் பூட்ஸ் இந்த வரிசையில் ஏ என்ற இடத்தில்தான் நிற்கும்.

பின்தொடர்வோன் எழுதியது:

சுமையைப் பொறுத்தவரை அளவுகோலோடு உடன்படுகிறேன். நெருங்கும்போது மென்மையான சோல் வேண்டும், சுமந்து இறங்கும்போது விறைப்பான சோல் வேண்டும். இரண்டும் ஒரே பூட்ஸில் கிடைக்காது. இறைச்சியோடு இறங்குவது உறுதி என்றால் விறைப்புக்கே என் வாக்கு; அந்த மெல்லடிக்கு, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பளிக் காலுறையோடு கடைசித் தொலைவை நெருங்குபவர்களும் இருக்கிறார்கள். முள்ளும் பாம்பும் இல்லாத நிலத்தில் மட்டும்.

மேட்டுநிலத்தான் எழுதியது:

இவற்றையெல்லாம் படித்த பிறகு இப்படித் தீர்மானித்திருக்கிறேன். பருவத்துக்கு முன் தடம் பார்க்கப் போகும் சமநிலப் பகுதிகளுக்கும், முயல், பறவை வேட்டைக்கும் இந்த டாக்டிகல் பூட்ஸையே பயன்படுத்துவேன்; நகத்தால் அழுத்திப் பார்த்ததில் நடுச்சோல் நல்ல நிலையில்தான் இருக்கிறது. மலைச்சரிவுக்கு, ரப்பர்ப் பட்டை சுற்றிய, செங்குத்துக் குதிகால் உள்ள, பி வகை விறைப்புடைய ஒன்றை வாங்குகிறேன். எங்கள் பகுதியில் அந்தப் பருவம் குளிர்ந்தும் உலர்ந்தும் இருப்பதால் சவ்வு உள்ளதாகவே பார்க்கிறேன். புதிய பூட்ஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு ஏதேனும் உண்டா?

தோல்தையல் எழுதியது:

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அது வீங்கத்தான் போகிறது. வேட்டைக்குப் போடப்போகும் அதே காலுறையைக் கொண்டுபோங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாய்வான பலகையிலோ படிக்கட்டிலோ கீழ்நோக்கி இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த அளவு வேண்டாம். ஏறும்போது குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டால் அதுவும் வேண்டாம். விறைப்பான பூட்ஸ் காலுக்குப் பழகப் பல வாரங்கள் ஆகும் என்பதால் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி, முதலில் சுமையில்லாமலும் பின்னர் முதுகில் சிறு சுமையோடும் நடந்து பழகுங்கள்.

நனைந்தால் நெருப்பருகே வைக்காதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும், பசை இளகிச் சோல் விட்டுப்போகும். காகிதத்தை உள்ளே திணித்து, ஊறியதும் மாற்றி, நிழற்காற்றில் உலர்த்துங்கள்; முழுவதும் உலரும் முன், தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே மெழுகைத் தேயுங்கள்.

பழைய பூட்ஸின் ஜிப்புக்கு: ஒவ்வொரு முறையும் காய்வதற்கு முன் பழைய பல்துலக்கியால் நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, உலர்ந்த பின் மெழுகுவத்தியை அதன் பற்களின் மேல் உரசிவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லேஸைத் தளர்த்தாமல் ஜிப்பை மட்டும் இழுத்து மாட்டும் பழக்கம் இருந்தால் காட்டில் அதை விட்டுவிடுங்கள். லேஸை ஒவ்வொரு முறையும் காலுக்கேற்ப இறுக்கிக் கட்டினால் ஜிப்பின் மேல் விழும் இழுப்பு குறையும்.

ஈரக்காடு எழுதியது:

கூடவே ஒரு நீளமான வலுவான கயிற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லேஸ் அறுந்தால் மாற்றலாம். ஜிப் பிளந்தால் கணுக்காலைச் சுற்றி எட்டு வடிவில் கட்டி, சோலுக்கடியில் குதிகாலுக்கு முன்னால் ஒரு சுற்று கொடுத்து முடிச்சிட்டால் வண்டி நிற்கும் இடம்வரை வந்து சேரலாம். சமதளமான சோல் என்றால் அந்தச் சுற்று முன்னோக்கி நழுவும். பல்லிடுக்கு ஒன்றில் கயிறு பதியும்படி பார்த்துக் கட்டுங்கள்.